டெபியன் 13 'டிரிக்ஸி': பழுது நேரும்போது எப்படி நடந்துகொள்கிறது?

லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு தொகுத்த இயங்குதளங்களான வழங்கல்களைப் பற்றிய மதிப்புரைகளில் பெரும்பாலானவை நிறுவி முடித்த முதல் சில நாள்களோடு நின்றுவிடுகின்றன. திரை எவ்வளவு அழகாக இருக்கிறது, கணினி எவ்வளவு விரைவாகத் தொடங்குகிறது, எந்தெந்தச் செயலிகள் உடன் வருகின்றன என்று சொல்லி மதிப்பெண் போட்டுவிடுகிறார்கள். ஓர் இயங்குதளத்தை நம்பி அன்றாட வேலையைச் செய்பவருக்கு அவற்றைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. நேற்றுவரை ஓடிய ஒன்று இன்று ஓடாமல் போனால், ஏன் ஓடவில்லை என்பதை அந்த இயங்குதளம் மறைக்காமல் காட்டுகிறதா, காட்டியதைக் கொண்டு நாமே சரிசெய்துகொள்ள வழி இருக்கிறதா என்பதே அது. அத்தகைய வழங்கல்களில் ஒன்றான டெபியனின் 13-ஆம் பதிப்பை இந்த ஓர் அளவுகோலை வைத்தே இங்கே மதிப்பிடுகிறேன். இது நான் வலிந்து கொண்டுவந்த அளவுகோலும் அன்று. 1997-இல் டெபியன் திட்டம் ஏற்றுக்கொண்ட சமூக ஒப்பந்தத்தில், சிக்கல்களை மறைக்க மாட்டோம், வழுக்களின் (மென்பொருள் பிழைகளின்) தரவுத்தளம் முழுவதையும் எல்லோரும் எந்நேரமும் பார்க்கும்படி திறந்து வைத்திருப்போம் என்ற உறுதி ஒரு தனிப் பிரிவாகவே இருக்கிறது. அந்த வாக்கு ஒரு சாதாரணப் பயனரின் மேசைவரை வந்து சேர்கிறதா என்று பார்ப்பது நியாயமான சோதனை என்றே கருதுகிறேன்.

'டிரிக்ஸி' என்ற குறிப்பெயர் கொண்ட இந்தப் பதிப்பு 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளிவந்தது. இயங்குதளத்தின் கருவான கெர்னல் 6.12, க்னோம் 48, பிளாஸ்மா 6.3, எக்ஸ்எஃப்சிஇ 4.20 என்ற திரைமுகப்புகள், அலுவலகச் செயலித் தொகுப்பான லிப்ரெஆஃபீஸ் 25.2 ஆகியவை இதில் உள்ளன. மென்பொருள்களை இணையம் வழியாக வழங்கும் களஞ்சியத்தில் மொத்தம் 69,830 பொதிகள் (நிறுவத்தக்க மென்பொருள் தொகுப்புகள்) இருக்கின்றன; அவற்றில் 14,100-க்கும் மேற்பட்டவை புதியவை. ரிஸ்க்-ஃபைவ் என்ற கணினிச் சில்லுக் கட்டமைப்புக்கு முதன்முறையாக முறையான ஆதரவு கிடைத்துள்ளது. பழைய 32 பிட் கணினிகளுக்கான நிறுவியும் (நிறுவும் செயலியும்) கெர்னலும் இனி இல்லை. க்னோம் திரைமுகப்போடு ஒரு மேசைக் கணினியிலும், எக்ஸ்எஃப்சிஇயோடு ஒரு பழைய மடிக்கணினியிலும் இதைப் புதிதாக நிறுவிப் பார்த்தேன். டெபியன் 12-இலிருந்து மேம்படுத்திய கணினியும் ஒன்று உண்டு.

நிறுவும் கட்டத்தில் டெபியன் பல ஆண்டுகளாகச் சுமந்துவந்த பெரிய குறை இப்போது இல்லை. வைஃபை சில்லுகளுக்கும் வரைகலை அட்டைகளுக்கும் தேவையான ஃபர்ம்வேர் (வன்பொருளுக்குள் ஓடும் சிறு நிரல்) கோப்புகளில் பல, எவரும் படிக்கவும் மாற்றவும் பகிரவும் இடம்தரும் கட்டற்ற உரிமத்தில் வருவதில்லை என்பதால், அவற்றை அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் சேர்ப்பதில்லை என்பதே திட்டத்தின் நெடுநாள் நிலைப்பாடாக இருந்தது. இணையம் இல்லாமல் ஃபர்ம்வேரைப் பதிவிறக்க முடியாது, ஃபர்ம்வேர் இல்லாமல் வைஃபை வேலை செய்யாது என்ற முட்டுச்சந்தில் புதியவர்கள் பலர் நின்றார்கள். அப்படியே உபுண்டு என்ற இன்னொரு வழங்கலுக்குத் திரும்பிப் போனவர்களும் உண்டு. 2022-இல் டெபியன் உருவாக்குநர்கள் இதற்கென்றே பொது வாக்கெடுப்பு நடத்தி, ஃபர்ம்வேரைத் தனிக் களஞ்சியப் பிரிவாக்கி, அதை நிறுவல் வட்டிலேயே சேர்க்கலாம் என்று முடிவெடுத்தார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12-இல் தொடங்கிய அந்த நடைமுறை இதிலும் தொடர்கிறது. நிறுவி தானாகவே வன்பொருளைப் பார்த்து வேண்டிய ஃபர்ம்வேரை எடுத்துக்கொள்கிறது. எதை எடுத்தது என்பதும் பிறகு பொதிப் பட்டியலில் தெளிவாகத் தெரிகிறது. கொள்கையை விட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று வருந்துபவர்களின் மனம் எனக்குப் புரிகிறது. ஆயினும், கட்டற்ற மென்பொருளை ஒருவர் தொட்டுப் பார்ப்பதற்கே தடையாக இருந்த கதவைத் திறந்தது சரியான முடிவு என்பதில் எனக்கு ஐயமில்லை.

புதியவர்கள் இடறும் இன்னோர் இடம் மட்டும் அப்படியே இருக்கிறது. நிறுவி நடுவே எல்லா உரிமைகளும் கொண்ட 'ரூட்' பயனருக்கு ஒரு கடவுச்சொல் கேட்கும். கேட்கிறார்களே என்று அதை நிரப்பிவிட்டால், நாம் உருவாக்கும் சாதாரணப் பயனருக்கு ரூட்டின் அதிகாரத்தோடு கட்டளையிட உதவும் 'சூடோ' உரிமை கிடைக்காது. அந்தப் பெட்டியை வெறுமையாக விட்டால்தான் கிடைக்கும். இந்த வேறுபாட்டை நிறுவி திரையிலேயே எழுதிக் காட்டத்தான் செய்கிறது. ஆனால் கடவுச்சொல் பெட்டியை வெறுமையாக விடுவது தவறு என்று பழகிய கை அதை நிரப்பிவிட்டே நகர்கிறது. பிறகு முதல் கட்டளையிலேயே, இந்தப் பயனர் சூடோ பட்டியலில் இல்லை என்ற செய்தி வருகிறது. சரி, ரூட்டாக மாறி உரிமை கொடுத்துவிடலாம் என்று 'எஸ்யூ' கட்டளையை மட்டும் கொடுத்து உள்ளே போனால், பயனரைக் குழுவில் சேர்க்கும் கட்டளையே கிடைக்கவில்லை என்று அடுத்த செய்தி வருகிறது. கட்டளை காணாமல் போய்விடவில்லை. டெபியன் 10 முதல், எஸ்யூவுக்குப் பின் ஓர் இடைவெளியும் சிறு கோடும் இட்டால்தான் ரூட்டின் முழுச் சூழலும் ஏற்கப்படும். இல்லாவிட்டால் நிர்வாகக் கட்டளைகள் இருக்கும் கோப்புறையை முனையம் (கட்டளைகளைத் தட்டச்சிடும் சாளரம்) தேடவே தேடாது. கோடு போட்டு உள்ளே சென்று, பயனரைச் சூடோ குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி நுழைந்தால் வேலை முடிந்தது. லினக்ஸ் பயனர்கள் கூடும் எந்த இடத்திலும் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. இத்தனை ஆண்டுகளாக இத்தனை பேர் ஒரே இடத்தில் தடுமாறுகிறார்கள் என்றால், நிறுவியின் அந்தப் பக்கத்தை மாற்றி அமைக்க வேண்டும். கூடுதல் விளக்கம் எழுதுவதால் பயனில்லை.

தமிழில் வேலை செய்பவருக்கு இந்தப் பதிப்பு எப்படி? நிறுவியைத் தமிழிலேயே ஓட்டலாம். ஆனால் வரைகலை நிறுவியில் மட்டுமே அது முடியும், உரைவழி நிறுவியில் தமிழ் வராது. எழுத்துருக்களுக்கு லோகித் தமிழும் நோட்டோ வரிசையும் களஞ்சியத்திலேயே இருக்கின்றன. தட்டச்சுக்கு ஐபஸ் என்ற உள்ளீட்டுச் செயலியோடு எம்17என் என்ற பன்மொழி உள்ளீட்டு முறைகளின் பொதியையும் நிறுவினால் தமிழ்99, இன்ஸ்கிரிப்ட், ஒலியியல் முறைகளோடு இலங்கைப் பயனர்களுக்கான ரெங்கநாதன் அமைப்பும் கிடைக்கும். இங்கே ஒரு குழப்பத்தைச் சொல்லியாக வேண்டும். க்னோம் அமைப்புகளில் உள்ளீட்டு முறைகளைத் தேடும்போது தமிழ்99 என்ற பெயரை ஒத்த பதிவுகள் ஒன்றுக்கு மேல் தெரியும். ஒன்று வெறும் விசைப்பலகை வரைபடம். ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்ற அளவில்தான் அதனால் வேலை செய்ய முடியும். எம்17என் என்று குறிக்கப்பட்டிருப்பதே உண்மையான உள்ளீட்டு முறை. ஒரே விசை இடத்துக்கேற்ப உயிரெழுத்தாகவும் உயிர்க்குறியாகவும் மாறுவதும், மெய்யை இரட்டித்தால் புள்ளி தானே விழுவதும் அதில்தான் நடக்கும். தமிழ்99 லினக்ஸில் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்பவர்களில் பலர் முதல் பதிவைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள்.

முனையத்தில் தமிழ் இன்னும் சரியாக வருவதில்லை. க்னோம் முனையமும் அதே நூலகத்தைப் பயன்படுத்தும் பிற முனையங்களும் ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனிக் கட்டத்துக்குள் வைப்பதால், கொம்பும் காலும் மெய்யை விட்டு விலகி நிற்கின்றன. இது டெபியனுக்கு மட்டும் உரிய குறையன்று. எனினும் பழுது பார்க்கும் நேரத்தில் இதன் விளைவு பெரிது. கணினியின் மொழியைத் தமிழாக வைத்திருப்பவருக்குப் பிழைச்செய்திகளும் சில வேளைகளில் தமிழிலேயே வரும். அவை முனையத்தில் சிதைந்து தெரியும். அப்படியே இணையத்தில் தேடினாலும் ஒன்றும் கிடைக்காது. திரைமுகப்பைத் தமிழிலேயே வைத்துக்கொண்டு, சிக்கலுக்குள்ளான அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் 'எல்சி ஆல்' என்ற சூழல் மாறியை 'சி' என்று அமைத்து ஓட்டினால், செய்தி ஆங்கிலத்தில் வரும், தேடவும் பிறரிடம் காட்டவும் வசதியாக இருக்கும். தமிழில் கணினியைப் பயன்படுத்தும் எல்லோருக்கும் முதலில் கற்றுக்கொடுக்க வேண்டியது இதுவே என்று நினைக்கிறேன்.

பழுதின் காரணத்தைத் தேடும் வேலை, கணினி நடந்தவற்றை எழுதிவைக்கும் பதிவேடுகளில் தொடங்குகிறது. பழைய வழிகாட்டிகள் அனைத்தும் 'சிஸ்லாக்' கோப்பைத் திறந்து பார்க்கச் சொல்லும். டெபியன் 12 முதல், புதிதாக நிறுவிய கணினியில் அந்தக் கோப்பே இருக்காது; அதை எழுதும் ஆர்சிஸ்லாக் பொதி இயல்பாக நிறுவப்படுவதில்லை. எல்லாப் பதிவுகளும், கணினியின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் பதிவேடான ஜர்னலுக்குள் போகின்றன. 'ஜர்னல்சிடிஎல்' கட்டளையால்தான் அவற்றைப் படிக்க வேண்டும். பழகியவர்களுக்கு முதலில் எரிச்சலாக இருந்தாலும், இந்த மாற்றம் நல்லது என்ற முடிவுக்கே வந்திருக்கிறேன். கணினி உறைந்துபோய், மின்பொத்தானை அழுத்தி அணைத்து மீண்டும் தொடங்கிய பிறகு, முந்தைய அமர்வின் பதிவுகளை மட்டும் தனியே கேட்டுப் பார்க்கலாம்; அவற்றிலும் பிழைநிலைச் செய்திகளை மட்டும் வடிகட்டலாம். ஆயிரக்கணக்கான வரிகளில் விரலை வைத்துத் தேடியது பத்துப் பதினைந்து வரிகளாகச் சுருங்கிவிடுகிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: டெபியன் உருவாக்கும் முதல் பயனருக்குக் கணினி முழுவதற்குமான பதிவுகளைப் படிக்கும் உரிமை இயல்பாகக் கிடையாது. சூடோ இல்லாமல் கட்டளையைக் கொடுத்தால் தன்னுடைய பதிவுகள் மட்டுமே தெரியும். மற்றவை காட்டப்படவில்லை என்று மேலே ஒரு குறிப்பு வரும். அந்தக் குறிப்பைப் படிக்காமல், ஜர்னலில் ஒன்றுமே இல்லை என்று உதவி கேட்டு வருபவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

நான் சோதித்த மடிக்கணினியில் மூடியை மூடித் திறந்தால் வைஃபை மறைந்துபோயிற்று. மறுபடி கணினியைத் தொடங்கினால் வந்துவிடும். இப்படிப்பட்ட பழுதுக்குப் பொதுவாகக் கிடைக்கும் அறிவுரை, வேறு வழங்கலை நிறுவிப் பார் என்பதே. ஜர்னலைப் பார்த்தபோது, உறக்கத்திலிருந்து விழித்த நொடியில் வைஃபை சில்லின் ஃபர்ம்வேர் பதில் தரவில்லை என்று கெர்னல் தெளிவாகவே எழுதியிருந்தது. அந்தச் சில்லை இயக்கும் நிரலான இயக்கித் தொகுதியை மட்டும் நீக்கி மறுபடி ஏற்றினால் வைஃபை உயிர்பெற்றது. ஆகவே வன்பொருள் கெடவில்லை, பிணைய மேலாளரும் காரணமல்ல, உறக்கத்திலிருந்து எழும் கட்டத்தில் இயக்கிதான் தடுமாறுகிறது என்பது உறுதியாயிற்று. புதிய பொதிகளை நிலையான பதிப்புக்கு ஏற்பக் கட்டித்தரும் டெபியனின் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்திலிருந்து 6.12-ஐவிடப் புதிய கெர்னலை நிறுவினேன், சிக்கல் தீர்ந்தது. தீர்ந்தது கெர்னலால்தானா என்பதை உறுதிசெய்ய, தொடக்கப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தேன். பழுது திரும்பி வந்தது. இரண்டு கெர்னல்களும் ஒரே கணினியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்று சரிவராவிட்டால் மற்றொன்றில் தொடங்கி வேலையைத் தொடரலாம். மற்ற எல்லாவற்றையும் நிலையான பதிப்பிலேயே வைத்துக்கொண்டு, பழுதுள்ள ஒரு பகுதியை மட்டும் புதுப்பிக்க முடிகிற இந்த ஏற்பாடே டெபியனில் நான் மிகவும் மதிக்கும் அம்சம்.

இந்தப் பதிப்பில் வந்துள்ள மாற்றங்களில் முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்க வேண்டியது 'டெம்ப்' கோப்புறையைப் பற்றியது. தற்காலிகக் கோப்புகளுக்கான அந்தக் கோப்புறை இதுவரை வட்டில் இருந்தது. டெபியன் 13-இல் அது நினைவகத்துக்கு (ரேம்) மாற்றப்பட்டுவிட்டது. நினைவகத்தின் பாதி அளவு வரை அது எடுத்துக்கொள்ளும். பெரும்பாலோருக்கு இது விரைவையே தரும். ஆனால் பழைய தமிழ் நூல்களை மின்வருடி, படத்திலுள்ள எழுத்தை உரையாக்கும் எழுத்துணரிக்குக் கொடுப்பவரை எண்ணிப் பாருங்கள். பிடிஎஃப் கோப்பை 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) அளவில் வண்ணப் படங்களாகப் பிரிக்கும்போது, சுருக்கப்படாத ஏ5 பக்கம் ஒன்றே ஏறத்தாழ 13 எம்பி வரும். 4 ஜிபி நினைவகம் கொண்ட கணினியில் டெம்ப் கோப்புறைக்குக் கிடைப்பது 2 ஜிபிக்கும் சற்றுக் குறைவு. நூலின் 150-ஆம் பக்கத்தை நெருங்குவதற்குள், சாதனத்தில் இடமில்லை என்ற பிழை வந்து வேலை நின்றுவிடும். கோப்பு மேலாளரைத் திறந்து பார்த்தால் வட்டில் 100 ஜிபி காலியாக இருக்கும்! இங்கே இட அளவைக் காட்டும் 'டிஎஃப்' கட்டளையை ஓட்டினால் போதும். டெம்ப் என்ற வரிக்கு எதிரே 'டெம்ப்எஃப்எஸ்' (நினைவகத்தில் இயங்கும் கோப்பமைப்பு) என்றும் நூறு விழுக்காடு நிரம்பிவிட்டது என்றும் காட்டும். அந்த வேலைக்கு மட்டும் தற்காலிகக் கோப்புறையை வீட்டுக் கோப்புறைக்குள் மாற்றிக்கொள்ளலாம். அல்லது சிஸ்டம்டியில் டெம்ப் ஏற்றப் பதிவை முடக்கிவிட்டுக் கணினியை மறுபடி தொடங்கினால் பழைய நிலை திரும்பும். இந்த இரண்டாவது வழியை வெளியீட்டுக் குறிப்புகளே கட்டளையோடு தருகின்றன. புதிதாக நிறுவிய கணினிகளில் இன்னொன்றும் உண்டு: டெம்ப் கோப்புறையில் 10 நாள்களாகத் தொடப்படாத கோப்புகள் தாமாகவே நீக்கப்படும். அங்கே எதையும் சேமித்துவைக்கும் பழக்கம் உள்ளவர்கள் அதை இன்றே விட்டுவிட வேண்டும்.

வெளியீட்டுக் குறிப்புகளைப் பற்றித் தனியாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் ஒரு மென்பொருள் திட்டம் தன் பயனரை எவ்வளவு மதிக்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் ஆவணங்கள் குறைவு. எந்த மாற்றம் எந்தச் சூழலில் எதை உடைக்கக்கூடும், உடைந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரு முழு அத்தியாயமாக எழுதிவைத்திருக்கிறார்கள். தொலைவிலிருந்து, பிற கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக மேம்படுத்துபவர்கள் முதலில் டெபியன் 12-இன் அண்மைத் திருத்தங்களை நிறுவிக்கொள்ளாவிட்டால், இடையில் இணைப்பு அறுந்து வெளியே மாட்டிக்கொள்ள நேரலாம் என்ற எச்சரிக்கைகூட அதில் இருக்கிறது. இதற்கு மாறாக, டெபியனின் விக்கி பல இடங்களில் பழையதாகவே நிற்கிறது. பல பதிப்புகளுக்கு முந்தைய வழிமுறைகள் தேதி மாறாமல் கிடக்கின்றன. ஆழமான விளக்கத்துக்கு டெபியன் பயனர்களே மற்றொரு வழங்கலான ஆர்ச் லினக்ஸின் விக்கியை நாடுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்கிறேன். ஒவ்வொரு பொதியோடும் வரும், டெபியனுக்கென்று தனியாக எழுதிய விளக்கக் கோப்புகளைப் பலர் திறந்தே பார்ப்பதில்லை. அந்த மென்பொருளை டெபியன் எங்கே மாற்றியமைத்திருக்கிறது என்பது பெரும்பாலும் அவற்றில்தான் இருக்கும்.

வழு ஒன்றைக் கண்டுபிடித்தால் அதை எங்கே சொல்வது? டெபியனின் வழுத்தடம் (வழுக்களைப் பதிவுசெய்து பின்தொடரும் அமைப்பு) மின்னஞ்சலில் இயங்குவது. கணக்கு தொடங்க வேண்டியதில்லை, கடவுச்சொல் இல்லை. 'ரிப்போர்ட்பக்' என்ற செயலி, குறிப்பிட்ட பொதிமீது முன்பே பதிவான வழுக்களை முதலில் காட்டுகிறது. நம்முடையது அவற்றில் இல்லையென்றால், பொதியின் பதிப்பு, அது சார்ந்திருக்கும் பிற பொதிகள், கெர்னல், மொழி அமைப்பு ஆகியவற்றைத் தானே திரட்டி மடலின் அடியில் சேர்க்கிறது. உதவி கேட்பவர்கள் வழக்கமாகச் சொல்ல மறக்கும் விவரங்கள் இவையே. மடல் சேர்ந்ததும் ஓர் எண் கிடைக்கும். அதன்பின் பராமரிப்பாளர் எழுதும் பதில், பிறர் சேர்க்கும் சான்றுகள், திருத்தம் வந்த பதிப்பு எல்லாம் அந்த எண்ணின்கீழ் எவரும் படிக்கும்படி நிற்கும். சமூக ஒப்பந்தத்தின் சொல் இங்கே செயலாகியிருக்கிறது என்பதை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த முறை இன்றைய இளைஞர்களுக்கு அன்னியமாக இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இணையப் படிவத்தில் எழுதிப் பழகியவர்கள், கட்டளைச் சொற்களை மடலுக்குள் எழுதி வழுவின் நிலையை மாற்றும் முறையைக் கண்டு பின்வாங்கிவிடுகிறார்கள். அனுப்பும் மின்னஞ்சல் முகவரி எல்லோருக்கும் தெரியும்படி இணையத்தில் நிலைத்துவிடும் என்பதையும் அனுப்புவதற்கு முன்பே அறிந்திருக்க வேண்டும். நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்புவோருக்கு வாய்ப்புகள் இல்லாமலில்லை: 2023 ஜனவரியில் விழுப்புரத்தில் ஒரு சிறு டெப்கான்ஃப் (டெபியன் மாநாடு) நடந்தது, அதே ஆண்டு செப்டம்பரில் உலக டெபியன் மாநாடே கொச்சியில் கூடியது. தமிழில் படிக்க, 2012 முதல் கட்டற்ற மென்பொருள் குறித்து வெளியிட்டுவரும் கணியம் இணைய இதழ் இருக்கிறது.

நிலையான பதிப்பு என்ற சொல்லுக்கு டெபியன் தரும் பொருளைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். வழுவே இல்லாதது என்பதன்று அதன் பொருள். வெளியான பிறகு பொதிகளின் பதிப்பு மாறாது, பாதுகாப்புத் திருத்தங்களும் கடுமையான வழுக்களுக்கான திருத்தங்களும் மட்டுமே வரும் என்பதே. அந்தத் திருத்தங்களிலும் தவறு நேரலாம். 2023 டிசம்பரில் டெபியன் 12.3 வெளியாகவிருந்த நாளில், அதிலிருந்த 6.1.64 கெர்னல், லினக்ஸில் பரவலாகப் பயன்படும் எக்ஸ்ட்4 கோப்பமைப்பில் தரவைச் சிதைக்கக்கூடும் என்று தெரியவந்தது. புதிய கெர்னலிலிருந்து பழைய கிளைக்குக் கொண்டுவந்த ஒரு திருத்தம், அதற்கு முன் வந்திருக்க வேண்டிய இன்னொரு திருத்தம் இல்லாமல் வந்துவிட்டதுதான் காரணம். உடனே மேம்படுத்த வேண்டாம் என்று அறிவித்து, நிறுவல் வட்டுகளை நிறுத்திவைத்து, சரிசெய்த கெர்னலோடு 12.4-ஐ டிசம்பர் 10 அன்று வெளியிட்டார்கள். என்ன நடந்தது என்பது முழுவதும் வழு எண்ணோடு பொதுவில் இருக்கிறது.

2024 மார்ச் 29 அன்று வெளிப்பட்ட எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளின் பின்கதவு (ரகசிய நுழைவழி) நிகழ்வையும் இதே அளவுகோலால் பார்க்கலாம். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற, போஸ்ட்கிரெஸ் தரவுத்தள மென்பொருளின் உருவாக்குநர், புதிய பொதிகள் முதலில் வந்து சேரும் டெபியனின் நிலையற்ற கிளையில் சோதனை செய்துகொண்டிருந்தபோது, எஸ்எஸ்ஹெச் நுழைவு சுமார் அரை நொடி தாமதமாவதைக் கவனித்துக் காரணத்தைத் துருவிப் போனார். எக்ஸ்இசட்டின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டு நுழைத்த தீங்குநிரல் அகப்பட்டது. டெபியனின் நிலையான பதிப்பில் அப்போது இருந்தது 5.4.1 என்பதால் அது தப்பியது. பொதிகள் பழையவை என்று டெபியனைக் குறைகூறுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். அதேநேரம், அந்தத் தீங்குநிரல் எஸ்எஸ்ஹெச் சேவையைத் தொட முடிந்ததற்கு, டெபியன் உள்ளிட்ட சில வழங்கல்கள் தாங்களாகவே அதில் செய்திருந்த மாற்றமே பாதை அமைத்தது. எஸ்எஸ்ஹெச் சேவையின் மூல மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சில் அந்த இணைப்பு இல்லை. 2006-இல் டெபியன் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நூலகத்தின் பொதியில் செய்த மாற்றம் ஒன்றால் மறையாக்கச் சாவிகள் எளிதில் ஊகிக்கத்தக்கவையாகி, 2008 மே மாதம்தான் அது வெளிப்பட்டது என்பதும் வரலாறு. மூல நிரலில் கைவைக்கும் உரிமை கட்டற்ற மென்பொருளின் உயிர்நாடி. அதைப் பயன்படுத்தும்போது வழங்கல்கள் மூலத் திட்டத்தாரோடு கலந்து பேசிச் செய்ய வேண்டும் என்று இந்த இரண்டு நிகழ்வுகளுமே வலியுறுத்துகின்றன.

குறைகள் வேறு சிலவும் உண்டு. தனியுரிம வரைகலை இயக்கியைப் பயன்படுத்துபவர்கள் ஒவ்வொரு கெர்னல் புதுப்பிப்பின்போதும் அந்த இயக்கித் தொகுதி மறுபடி கட்டப்படுவதை நம்பியிருக்கிறார்கள். கெர்னல் தலைப்புக் கோப்புகளின் பொதி இல்லாவிட்டால் அது நடக்காது, அடுத்த முறை கருந்திரைதான். கையொப்பமிட்ட நிரலை மட்டுமே தொடங்கவிடும் செக்யூர் பூட் இயங்கும் கணினியில், கட்டிய தொகுதிக்குக் கையொப்பமிடும் சாவியையும் நாமே பதிவுசெய்ய வேண்டும். லினக்ஸ் மின்ட் என்ற வழங்கலில் இவற்றுக்கெல்லாம் ஒரு சாளரம் இருக்கிறது. டைம்ஷிஃப்ட் வழியாக நேற்றைய நிலைக்குத் திரும்புவதும் அங்கே இயல்பாகவே முன்வைக்கப்படுகிறது. டெபியனிலும் டைம்ஷிஃப்ட் களஞ்சியத்தில் உண்டு. ஆனால் தேடிப்போய் நிறுவ வேண்டும். கட்டளைகளைத் தொடவே விரும்பாத பெற்றோருக்கோ அலுவலக நண்பருக்கோ கணினி அமைத்துக் கொடுப்பதென்றால் மின்ட்டையே பரிந்துரைப்பேன். எதனால் உடைந்தது என்று தெரிந்துகொள்ள விரும்புபவருக்கும், மாறாத ஓர் அடித்தளத்தின்மேல் வேலை செய்ய வேண்டியவருக்கும் டெபியன்.

டெபியனில் உடைபவற்றில் கணிசமான பகுதி, உபுண்டுவுக்கென்று உருவாக்கிய களஞ்சியங்களை அதில் சேர்ப்பதால் வருகிறது. ஒரு செயலியின் புதிய பதிப்பு வேண்டுமென்றால் பேக்போர்ட்ஸையோ, வழங்கல் எதுவானாலும் ஓடும் செயலிப் பொதி முறையான ஃபிளாட்பேக்கையோ நாடுவது பாதுகாப்பானது. பொதிகளை நிறுவும் கருவியான ஆப்ட்டின் புதிய 3.0 பதிப்பு இந்த விஷயத்தில் உதவுகிறது: நிறுவப்படுபவை, நீக்கப்படுபவை என்று தனித்தனியாகப் பிரித்து, நீக்கப்படுபவற்றைச் சிவப்பு நிறத்தில் காட்டுகிறது. ஒரு சிறு செயலியை நிறுவப்போய் திரைமுகப்பு முழுவதையும் நீக்கச் சம்மதம் கொடுத்துவிடும் ஆபத்து இதனால் குறைந்திருக்கிறது. சிவப்பில் எதுவும் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட்டுக் காரணம் தேட வேண்டும்.

டெபியன் 12-இலிருந்து மேம்படுத்துவோர் இரண்டை முதலில் பார்த்துக்கொள்ளட்டும். களஞ்சியப் பட்டியலில் கட்டற்றதல்லாத ஃபர்ம்வேருக்கான பிரிவு இருக்கிறதா என்பது ஒன்று. டெபியன் 11 காலத்திலிருந்து மேம்படுத்திக்கொண்டே வந்த கணினிகளில் அது விடுபட்டிருக்க வாய்ப்புண்டு. தொடக்கக் கோப்புகளுக்கான 'பூட்' பகுதி தனியாகப் பிரிக்கப்பட்டிருந்தால் அதன் அளவு இன்னொன்று. குறைந்தது 768 எம்பி அளவும் அதில் சுமார் 300 எம்பி காலியிடமும் வேண்டும் என்று வெளியீட்டுக் குறிப்புகள் சொல்கின்றன. வட்டை மறையாக்கம் செய்து பல ஆண்டுகளுக்கு முன் நிறுவிய கணினிகளில் இந்தப் பகுதி பெரும்பாலும் அதைவிடச் சிறியது. டெபியன் 13-க்கு நீண்டகால ஆதரவையும் சேர்த்து 2030 ஜூன் வரை திருத்தங்கள் வரும். டெபியன் 12-க்கு அது 2028 ஜூன் வரை உண்டு. ஆகவே பூட் பகுதி சிறியதாக உள்ள கணினிகளை அவசரப்பட்டு மேம்படுத்தாமல், காப்புநகல் எடுத்துக்கொண்டு வசதியான நேரத்தில் புதிதாக நிறுவிக்கொள்வதே நல்லது.